பச்சைச் சாவும் காளான் வீடும்

"உங்களுக்கென்ன சார், மாசமானா பென்ஷன் வந்துடுது. உப்பு மூட்டை வாங்காம, மருந்தடிக்காம நீங்க விவசாயம் பண்ணலாம். எங்களுக்கு அப்படியா?"

எங்க ஊர் டீக்கடையில் இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் இல்லை. கேட்பவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. எனக்குப் பென்ஷன் வருவது உண்மை. முதல் இரண்டு வருடம் நெல்லில் நட்டம் வந்தபோது வீட்டுச் செலவை அதுதான் பார்த்துக்கொண்டது. அதனால் பெரும்பாலும் சிரித்து மழுப்பிவிட்டு டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

போன கோடை விடுமுறையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, கிட்டத்தட்ட இதே கேள்வியை வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவர் கேட்பதைப் பார்த்தேன். பார்த்தது டெலிவிஷனில். என் பேரனுக்கு 'டாக்டர் ஹூ' என்ற ஆங்கிலத் தொடர் மேல் பைத்தியம். 1963-இல் பி.பி.சி. தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் அது. வேற்றுலகத்தைச் சேர்ந்த 'டாக்டர்' என்பவர், வெளியே பார்த்தால் நீல நிறப் போலீஸ் பெட்டி போல இருக்கும் வண்டியில் ஏறிக் காலத்திலும் வெளியிலும் பயணம் போவார். அரக்கர்கள், ரோபோக்கள் என்று ஓடும். எனக்கு அதில் ஆர்வம் இருந்ததில்லை. "தாத்தா, இந்த ஒண்ணை மட்டும் பாருங்க. இதுல உங்களை மாதிரி ஆளுங்க வர்றாங்க" என்று பேரன் உட்கார வைத்தான். அந்தக் கதையின் பெயர் 'தி கிரீன் டெத்'. தமிழில் 'பச்சைச் சாவு' என்று சொல்லலாம். 1973 மே 19 முதல் ஜூன் 23 வரை வாரம் ஒரு பகுதியாக ஆறு பகுதிகள் ஒளிபரப்பாகியிருக்கிறது.

பேரன் சொன்னது சரிதான். நம்மை மாதிரி ஆளுங்க வர்றாங்க. நம்ம டீக்கடைக்காரங்களும் வர்றாங்க. அதைவிட முக்கியம், நான் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த நாற்காலியும் வருது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதழில் படித்தது திரைக்குப் போன கதை

முதலில் இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று சொல்லிவிடுகிறேன். நம் இதழ் மாதிரிப் பத்திரிகைகளை நடத்துகிறவர்களுக்கும் படிக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது.

இங்கிலாந்தில் எட்வர்டு கோல்ட்ஸ்மித் என்பவர் 1970-இல் 'தி எக்காலஜிஸ்ட்' என்ற சூழலியல் இதழைத் தொடங்கினார். 1972 ஜனவரியில் அந்த இதழ் 'பிழைத்திருக்க ஒரு வரைபடம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு நீண்ட அறிக்கையை வெளியிட்டது. எல்லையில்லாத தொழில் வளர்ச்சி என்று போய்க்கொண்டே இருந்தால் மண்ணும் நீரும் தாங்காது, சின்னச் சின்னச் சமூகங்களாகத் தற்சார்போடு வாழப் பழக வேண்டும் என்பது அதன் சாரம். பிறகு அது புத்தகமாக வந்து ஏராளமாக விற்றது.

அந்த நாளில் 'டாக்டர் ஹூ' தொடரின் தயாரிப்பாளர் பாரி லெட்ஸ். அந்த இதழில் வந்த கட்டுரைகளைப் படித்து அவர் கலங்கிப் போனார். நம்மால் என்ன செய்ய முடியும் என்று யோசித்தவர், தன் கையில் இருந்த தொடரையே பயன்படுத்தினார். ராபர்ட் ஸ்லோமன் என்ற எழுத்தாளரோடு சேர்ந்து உருவாக்கியதுதான் 'பச்சைச் சாவு'. சில ஆயிரம் பேர் படிக்கும் இதழில் வந்த விஷயம், சனிக்கிழமை சாயங்காலம் குடும்பம் குடும்பமாகப் பார்க்கும் தொடருக்குள் போய்விட்டது. நாம் எழுதுவதை யார் படிக்கிறார்கள் என்று சலித்துக்கொள்ளும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

25 சதவீதக் கணக்கு

கதைக்கு வருவோம். தெற்கு வேல்ஸில் லான்ஃபேர்ஃபாக் என்று ஒரு கற்பனைச் சுரங்க கிராமம். அங்கே நிலக்கரிச் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். ஊரில் வேலை இல்லை. பக்கத்தில் 'குளோபல் கெமிக்கல்ஸ்' என்ற கற்பனைக் கம்பெனி ஆலை வைத்திருக்கிறது. அதன் இயக்குநர் பெயர் ஸ்டீவன்ஸ். சுரங்க வாசலில் கூட்டம் கூட்டி, கையில் ஒரு கடிதத்தை ஆட்டிக்கொண்டு அவர் பேசுகிறார். அரசாங்கம் அனுமதி கொடுத்துவிட்டது, ஆலை பெரிதாகப் போகிறது, வேலையும் பணமும் வரும் என்கிறார். கூட்டத்துக்குச் சந்தோஷம்.

கம்பெனியின் புதிய முறையில், அதே அளவு கச்சா எண்ணெயிலிருந்து 25 சதவீதம் அதிகமாகப் பெட்ரோலும் டீசலும் எடுக்கலாமாம். கழிவு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் வராதாம்.

இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வங்கியில் திட்ட அறிக்கை படித்துப் பழகியவனுக்கு இது தெரிந்த பாட்டு. வரவுப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 25 சதவீதம் இருக்கும். செலவுப் பக்கத்தில் ஒரு வரி குறையும். அந்தக் குறையும் வரி எங்கே போகும் என்றால், யாரோ ஒருத்தர் தலையில் போய் உட்காரும். கதையில் அது மூடிக் கிடக்கும் சுரங்கத்துக்குள் போகிறது. ஆலையில் வரும் நச்சுக் கழிவை ஓசைப்படாமல் குழாய் வைத்துச் சுரங்கத்தில் இறக்குகிறார்கள். சுரங்கத்துக்குள் போன ஒரு தொழிலாளி உடம்பெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தபடி செத்துப்போகிறார். அங்கிருந்துதான் கதைக்கு இந்தப் பெயர்.

எதிர்த்து நிற்பது யார்? கிளிஃபோர்டு ஜோன்ஸ் என்ற இளம் பேராசிரியர். நோபல் பரிசு வாங்கியவர் என்று கதையில் வருகிறது. அவர் சில நண்பர்களோடு அந்த ஊரிலேயே ஒரு கூட்டுப் பண்ணை வீடு நடத்துகிறார். சொந்தமாகப் பயிர் வைப்பது, காற்றிலும் தண்ணீரிலும் சூரியனிலும் சக்தி எடுப்பது, கூட்டாகச் சமைத்துச் சாப்பிடுவது. ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் கிட்டத்தட்ட 'கிறுக்கர் கூடு' என்று அர்த்தப்படும். நமக்கெல்லாம் கிடைத்த பட்டங்களை நினைத்துக்கொண்டேன். நான் ஜீவாமிர்தம் கலக்க ஆரம்பித்த புதிதில் எனக்கும் ஒன்று கிடைத்தது. அதை இங்கே எழுத முடியாது.

ஜோன்ஸ் கூட்டத்தில் எழுந்து, இந்த ஆலை மண்ணையும் காற்றையும் கெடுக்கும் என்கிறார். அப்போதுதான் ஒரு சுரங்கத் தொழிலாளி அந்தக் கேள்வியைக் கேட்கிறார். நீங்கள் விரும்பியபடி வாழ உங்களுக்கு வசதி இருக்கிறது, எங்களுக்கு வேலை வேண்டும் என்கிறார். அவரை முட்டாளாகவோ கம்பெனியின் கையாளாகவோ கதை காட்டவில்லை. பசித்தவராக, நியாயம் உள்ளவராகக் காட்டுகிறது. நம் கூட்டங்களில் பல சமயம் நாம் செய்யத் தவறுவது இதைத்தான்.

மண்ணைப் போட்டு மூடு

சுரங்கத்துக்குள் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மீட்க வெட்டும் கருவி தேவை. ஆலையில் கேட்டால், எங்களிடம் இல்லை என்கிறார் ஸ்டீவன்ஸ். விசாரிக்க வந்த ராணுவப் பிரிவின் அதிகாரி நேர்மையானவர். ஆனால் மேலிடத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி வருகிறது, கம்பெனியோடு ஒத்துழையுங்கள் என்று. கடைசியில் சுரங்கத்தையே வெடி வைத்து மூட உத்தரவு வருகிறது. டாக்டர் தடுத்துப் பார்க்கிறார், முடியவில்லை. சாட்சியமெல்லாம் மண்ணுக்கடியில் போகிறது.

மூடிவிட்டால் தீர்ந்ததா? சுரங்கத்துக்குள் நச்சைத் தின்று வளர்ந்த ராட்சதப் புழுக்கள் மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகின்றன. சுரங்கக் கழிவு மேடு முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புழு. இன்றைக்கும் இங்கிலாந்தில் இந்தக் கதையை 'அந்தப் புழுக் கதை' என்றுதான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். துப்பாக்கியால் சுடுகிறார்கள், சாகவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போடுகிறார்கள், அதற்கும் அசையவில்லை. ஒவ்வொரு வருஷமும் புது மருந்து வாங்கி அடித்தும் காய்ப்புழு சாகாத பருத்திக்காட்டைப் பார்த்த யாருக்கும் இந்தக் காட்சி கற்பனையாகவே தோன்றாது.

அங்கத்திய ஜனங்களுக்கு அது வேறொரு காரணத்தாலும் கற்பனையாகத் தோன்றியிருக்காது. அதே தெற்கு வேல்ஸில் ஆபர்ஃபேன் என்ற சுரங்க கிராமம் இருக்கிறது. ஊருக்கு மேலே மலைச்சரிவில், நீரூற்றின் மேலேயே, சுரங்கக் கழிவைக் கொட்டி மேடாக்கி வைத்திருந்தது அரசின் தேசிய நிலக்கரி வாரியம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று முன்பே உள்ளூர் அதிகாரிகள் கடிதம் எழுதியிருந்தார்கள். 1966 அக்டோபர் 21 காலையில் அந்த மேடு சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் செத்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். விசாரணை ஆணையம் வாரியத்தைத்தான் குற்றம் சொன்னது.

வங்கிக்காரனாக என்னால் மறக்க முடியாத ஒரு கணக்கு இதில் உண்டு. மிச்சமிருந்த கழிவு மேடுகளை அகற்றும் செலவுக்காக, பொதுமக்கள் அந்த ஊருக்குக் கொடுத்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டார்கள். 1997-இல்தான் திருப்பிக் கொடுத்தார்கள், அதே 1,50,000. ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு ஒரு பைசா வட்டி கிடையாது. 2007-இல் வேல்ஸ் அரசு கூடுதலாகப் பணம் கொடுத்துத்தான் அதை ஓரளவு நேர் செய்தது. கழிவு ஒருத்தர் கொட்டுவது, அள்ளும் கூலி இன்னொருத்தர் கொடுப்பது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

'பச்சைச் சாவு' ஒளிபரப்பானபோது அந்த விபத்து நடந்து ஏழு வருஷம்கூட ஆகவில்லை. கழிவு மேட்டிலிருந்து சாவு இறங்கி வரும் காட்சியை வேல்ஸ் மக்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்க.

அடுப்பங்கரையிலிருந்து வந்த மருந்து

குண்டுக்கும் சாகாத புழு எதற்குச் செத்தது தெரியுமா? காளானுக்கு.

அந்தக் கிறுக்கர் கூட்டில் ஜோன்ஸ் ஒரு ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கிறார். உலகத்தில் பட்டினி கிடப்பவர்களுக்கு இறைச்சிக்குப் பதிலாகப் புரதம் தரும் ஒரு பூஞ்சையை வளர்ப்பது. அதைச் சமைத்து ராணுவ அதிகாரிக்கே விருந்து வைக்கிறார்கள், அவரும் ருசித்துச் சாப்பிடுகிறார். டாக்டரின் உதவியாளரான ஜோ என்ற பெண், காய வைத்த காளான் பொடியைத் தவறிப்போய் ஆய்வுத் தகடுகள் மேல் கொட்டிவிடுகிறாள். எந்த ஆயுதத்துக்கும் சாகாத புழு அந்தக் காளானைத் தின்றால் செத்துப்போகிறது என்பது பின்னால் தெரியவருகிறது. அப்புறம் என்ன, மாட்டுக்குத் தீவனம் வீசுவது மாதிரி வண்டியில் போய்க்கொண்டே மேடெல்லாம் காளானை வீசுகிறார்கள். நச்சு தாக்கிச் சாகக் கிடந்த ஜோன்ஸையும் அதே காளான்தான் பிழைக்க வைக்கிறது.

தற்செயல் என்று இதைத் தள்ளிவிடலாம். கதாசிரியரின் சௌகரியம் என்றும் சொல்லலாம். எனக்கு வேறு மாதிரிப் பட்டது. பொடி தவறி விழுந்தது தற்செயல். ஆனால் தவறி விழுவதற்கு வீட்டில் பொடி இருந்ததே, அது தற்செயல் இல்லை. வாசலில் கொடி பிடித்த நாட்களிலும் அவர்கள் உள்ளே காளான் வளர்ப்பதை நிறுத்தவில்லை. கோஷம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் புழு வந்த அன்றைக்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது.

இந்தக் காளான் விஷயம் வெறும் கற்பனையும் இல்லை. இங்கிலாந்தில் மார்லோ என்ற ஊர் மண்ணில் 1967-இல் கண்டெடுத்த ஒரு பூஞ்சையிலிருந்து புரத உணவு செய்யப் பல வருடம் ஆராய்ச்சி நடந்தது. 1985-இல் அதை விற்க அனுமதி கிடைத்தது. 'குவார்ன்' என்ற பெயரில் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதைப் பெரிய கம்பெனிதான் செய்தது, கூட்டுப் பண்ணை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்ம விதையும் நம்ம விஷயமும் நாம் அசந்தால் எங்கே போய்ச் சேரும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

ஸ்டீவன்ஸின் நாற்காலி

ஆலையை உண்மையில் நடத்துவது யார் என்று பார்த்தால், மனிதனே இல்லை. மாடியில் ஒரு பெரிய கணிப்பொறி. அதற்குப் பெயரே 'பாஸ்'. ஸ்டீவன்ஸின் மூளையோடு அதை இணைத்திருக்கிறார்கள். திறன், உற்பத்தி, லாபம், இவ்வளவுதான் அதற்குத் தெரியும். அதன் சொல்லை மீறாதபடி ஆலை அதிகாரிகளின் மனத்தையே மாற்றிவைத்திருக்கிறார்கள். ஃபெல் என்ற ஒரு அதிகாரிக்கு உள்ளூர உறுத்தல் வருகிறது. அவர் தடுமாறுகிறார் என்று தெரிந்ததும், உன்னை நீயே அழித்துக்கொள் என்று உத்தரவு போகிறது. அவர் மேலிருந்து குதித்துச் சாகிறார்.

வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெட்டிக்கே ஒரு உண்மை தெரிந்திருக்கிறது. மனிதனின் படைப்புத் திறனுக்கு ரகசியம் அவனுடைய திறன் குறைவுதான் என்று, ஸ்டீவன்ஸின் மூளையிலிருந்து அது கற்றுக்கொண்டதாகச் சொல்கிறது. வரப்பில் நாலு துவரை, வாய்க்கால் ஓரம் ரெண்டு பூசணி, நடுவில் ஒரு முருங்கை என்று கலந்து வைத்தவனைப் பார்த்துக் காட்டை இப்படிக் குப்பையாக வைத்திருக்கிறாயே என்பார்கள். அந்தக் குப்பைதான் பூச்சிக்குப் பூச்சி பகையாகிக் காட்டைக் காப்பாற்றுகிறது. பெட்டிக்குத் தெரிந்தது நம் விவசாயத் துறைக்குத் தெரிய இன்னும் கொஞ்ச நாள் ஆகும் போல.

ஸ்டீவன்ஸைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரு சங்கடம். அவர் கத்துவதில்லை, அடிப்பதில்லை. நல்ல சட்டை போட்டு, மரியாதையாகப் பேசி, கையெழுத்துப் போடுகிறார். இந்த ஆளை எனக்குத் தெரியுமே என்று தோன்றியது. நானேதான்.

1980-களில் காவிரிப் பாசனப் பகுதியில் ஒரு கிராமக் கிளையில் விவசாயக் கடன் பார்த்தேன். பயிர்க்கடன் படிவத்தில் உழவுக்கு இவ்வளவு, ரசாயன உரத்துக்கு இவ்வளவு, பூச்சிமருந்துக்கு இவ்வளவு என்று கட்டம் கட்டமாக இருக்கும். உரத்துக்கான பங்கைப் பணமாகத் தராமல் கடைச் சீட்டாகத் தருவோம். ஒரு பெரியவர் வந்தார். "சார், எனக்கு எட்டு மாடு இருக்கு. எரு என்கிட்ட இருக்கு, கொளுஞ்சி விதைச்சு மடக்கி உழுதுடுவேன். உப்புக்கு ஒதுக்குனதை நடவுக் கூலிக்குக் குடுத்தீங்கன்னா போதும்" என்றார். "ஐயா, நீங்க சொல்றது புரியுது. ஆனா படிவத்துல அப்படி ஒரு கட்டம் இல்லையே" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு போனார். கடையில் அதைக் கொடுத்து, கமிஷன் போக மிச்சத்தைப் பணமாக வாங்கி நடவு நட்டார். எனக்கும் அது தெரியும். அடுத்த வருஷம் அந்தக் கமிஷன் அவருக்கு உறுத்தியதோ என்னவோ, மூட்டையையே எடுத்துப் போய் வயலில் போட்டார். நாலைந்து வருஷத்தில் அந்த வீட்டில் மாடு இரண்டாகக் குறைந்தது.

நான் லஞ்சம் வாங்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. கிளைக்குக் கொடுத்த இலக்கை எட்டியதற்காகப் பாராட்டுக் கடிதம்தான் வாங்கினேன். ஊழல் என்றால் பெட்டியில் பணம் கைமாறுவது என்றே அதுவரை நினைத்திருந்தேன். கட்டம் இல்லை என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொள்வதும் அதற்கு ஒரு பங்காளி என்பது, நான் மண்ணில் இறங்கி, உப்புக்குப் பழகிய மண்ணை உயிராக்க மூன்று வருஷம் பட்ட பாட்டில்தான் புரிந்தது.

கதை ஸ்டீவன்ஸைக் கைவிடவில்லை. கடைசிப் பகுதியில் டாக்டர் ஒரு நீலப் படிகக் கல்லைக் காட்டி அவருடைய மயக்கத்தைக் கலைக்கிறார். தெளிந்த மனிதர் ஓடிப்போகவில்லை. தன் கையாலேயே அந்தப் பெட்டியை வெடிக்க வைத்து, அதோடு தானும் சாகிறார். ஆலையை வெளியிலிருந்த யாராலும் நிறுத்த முடியவில்லை. உள்ளே இருந்தவர் மனம் மாறியபோதுதான் நின்றது. வேளாண் அலுவலகத்திலும் வங்கியிலும் உரக்கடையிலும் உட்கார்ந்திருப்பவர்களைப் பகையாளியாக மட்டும் பார்க்கும் நண்பர்களுக்கு இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஓய்வு பெற்ற பிறகாவது மாறியவன் நான். வேலையில் இருக்கும்போதே என்னை யாராவது வயலுக்குக் கூட்டிப்போய்க் கொளுஞ்சி மடக்கிய மண்ணைக் கையில் அள்ளிக் கொடுத்திருந்தால் ஒருவேளை முன்பே மாறியிருப்பேன்.

கதை பதில் சொல்லாத கேள்வி

ஆலை வெடித்தது, புழு செத்தது. காளான் வீட்டின் ஆராய்ச்சிக்கு ஐ.நா.வின் ஆதரவு கிடைக்கிறது. ஜோ அந்தப் பேராசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டு அமேசான் காட்டுக்குக் காளான் தேடிப் போக முடிவு செய்கிறாள். எல்லாரும் ஆடிப் பாடும்போது டாக்டர் மட்டும் தனியாக வண்டியேறிப் போகிறார். பேரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எனக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. முதல் பகுதியில் வேலை கேட்டாரே அந்தச் சுரங்கத் தொழிலாளி, அவருக்கு என்ன ஆச்சு? சுரங்கமும் இல்லை, ஆலையும் இல்லை. கதை அதைப் பற்றி மூச்சு விடவில்லை. புழுவைக் கொல்லும் காளான் இருந்தது, அடுப்பு எரிய வைக்கும் வழி இருந்ததா?

அதற்கான பதிலில் ஒரு பகுதியை நிஜமான வேல்ஸ் மக்கள் பின்னால் எழுதினார்கள். ஹிர்வான் என்ற ஊருக்குப் பக்கத்தில் டவர் சுரங்கம் என்று ஒன்று இருந்தது. லாபம் இல்லை என்று 1994-இல் அதை மூடினார்கள். அங்கே வேலை செய்த 239 பேர், கைக்கு வந்த பணிநீக்கத் தொகையிலிருந்து ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டார்கள். எல்லாரும் சேர்ந்து சுரங்கத்தையே வாங்கி, 1995 ஜனவரியில் தாங்களே திறந்து நடத்தினார்கள். தலைமை தாங்கியவர் டைரோன் ஓ'சல்லிவன் என்ற தொழிற்சங்கக்காரர். உதவாது என்று மூடிய சுரங்கம் அதற்குப் பிறகு 13 வருஷம் ஓடியது. எடுக்கக்கூடிய கரி தீர்ந்த பிறகு 2008 ஜனவரியில்தான் மூடினார்கள்.

நிலக்கரி நமக்கு உவப்பான தொழில் இல்லை என்பது தெரியும். நான் பார்ப்பது அந்த 8,000 பவுண்டை. ஒருவர் தனியாகப் போட்டிருந்தால் அது சூதாட்டம். 239 பேர் சேர்ந்து போட்டதால் முதலீடு. வங்கியில் நான் பார்த்த எந்தக் கடனுக்கும் இவ்வளவு கனமான பிணை இருந்ததில்லை.

டீக்கடைக்குத் திரும்பி

ஊருக்கு வந்ததும் அந்த டீக்கடைக் கேள்வி மறுபடியும் வந்தது. இந்தத் தடவை சிரித்து மழுப்பவில்லை. "நீங்க சொல்றது சரி. எனக்குப் பென்ஷன் இருந்துச்சு, அதனால தாங்கினேன். உங்களைத் தாங்குறதுக்கு என்ன வழின்னு உட்கார்ந்து பேசுவோம்" என்றேன். கேட்டவர் கொஞ்சம் அதிர்ந்துதான் போனார்.

இப்போது ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். எங்க ஊரில் முன்பே மாறிய ஆறு பேர் சேர்ந்து, புதிதாக வருகிறவர் அரை ஏக்கர் மட்டும் மாற்றினால் போதும் என்று முடிவு செய்தோம். விதை எங்களுடையது. ஜீவாமிர்தம் என் தொட்டியிலிருந்து. முதல் இரண்டு போகத்தில் விளைச்சல் குறைந்தால், அந்தக் குறையில் பாதியை நாங்கள் ஆறு பேரும் நெல்லாகப் பங்கு போட்டுக் கொடுப்போம். அறுத்த நெல்லை எங்கள் நெல்லோடு சேர்த்தே அரைத்து விற்போம். இதுவரை மூன்று பேர் வந்திருக்கிறார்கள். நடந்தால் அடுத்த வருஷம் கணக்கோடு எழுதுகிறேன். நடக்காவிட்டாலும் கணக்கோடு எழுதுகிறேன்.

முதலில் வந்தவருக்கு என் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன், முதல் இரண்டு வருஷ நட்டமும் அதில் இருக்கிறது. புரட்டிப் பார்த்தவர், "இதையும் எழுதி வச்சிருக்கீங்களா சார்" என்றார். அதை எழுதுவதற்குத்தான் அந்த நோட்டில் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.